இளம் பெண்களின் புற்றுநோயும் தாய்மைப் பேறும்

அறுபத்துமூன்று நாயன்மார்களுள் பெண்கள் மூவரே. காரைக்காலம்மையார் தம் பாட்டாலும் தவத்தாலும், மங்கையர்க்கரசியார் பாண்டிய நாட்டின் சமய நிலையையே மாற்றிய மனவுறுதியாலும் அவ்வரிசையில் இடம்பெற்றிருக்க, மூன்றாமவரான இசைஞானியார், திருநாவலூர்ச் சடையனாரின் மனைவியாக வாழ்ந்து சுந்தரமூர்த்தி நாயனாரைப் பெற்றெடுத்த பெருமை ஒன்றினாலேயே அடியாராகப் போற்றப்படுகிறார். மகப்பேற்றையே திருத்தொண்டாக மதித்த இந்த மரபு, திருநாவலூரைச் சூழ்ந்த உளுந்தூர்ப்பேட்டை, கள்ளக்குறிச்சி வட்டாரங்களிலும், மேற்கே கல்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடியினர் வாழும் சிற்றூர்களிலும் இன்றும் உயிரோடிருக்கிறது. கலியாணமாகிச் சில மாதங்கள் கழிவதற்குள் "விசேஷம் உண்டா?" என்று உற்றாரும் அயலாரும் கேட்கத் தொடங்குவதும், பதில் இல்லையென்றால் அந்தப் பெண் கோயில் குளம் என்று அலைய நேர்வதும் நாம் அனைவரும் அறிந்தவையே.

இத்தகைய சமுதாயத்தில் இருபது, முப்பது வயதுப் பெண்ணொருத்திக்குப் புற்றுநோய் என்று தெரியவரும்போது இரண்டு அச்சங்கள் அவளை ஒருங்கே பற்றுகின்றன. முதலாவது உயிரைப் பற்றியது. அதைக் குடும்பம் முழுவதும் பேசுகிறது. இரண்டாவது, பிழைத்தெழுந்தால் தனக்கு ஒரு குழந்தை பிறக்குமா என்பது. அதை அவளும் வாய்விட்டுக் கேட்பதில்லை, பெற்றோரும் கேட்பதில்லை, நோயாளிகளின் நெரிசலில் மருத்துவரும் பல வேளைகளில் தாமாக எடுத்துச் சொல்வதில்லை. இந்த இரண்டாம் கேள்விக்கு இன்றைய மருத்துவம் எவ்வளவு தூரம் விடையளிக்கிறது, ஹார்மோன் சோதனைகள் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்வதில்லை, கருவளத்தைக் காக்கும் வழிகள் எவை, அவை நம் ஊர்ப் பெண்ணின் கைக்கு எட்டுகின்றனவா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். முதல் மருந்து நரம்பில் ஏறுவதற்கு முன்பே அக்கேள்வி எழுப்பப்பட வேண்டும் என்பதும், எழுப்பும் கடமை நோயாளியைச் சார்ந்ததன்று, சிகிச்சை தரும் நிலையத்தைச் சார்ந்தது என்பதும் இதன் துணிபு.

கேள்வி பிறந்த வரலாறு

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1923-ல் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அந்தத் துக்கத்தில் முளைத்த சங்கல்பம் 1954-ல் அடையாற்றில் புற்றுநோய் நிலையமாக உருப்பெற்றது. டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் அதற்குத் தம் ஆயுளையே அர்ப்பணித்தனர். நோய் முற்றிய நிலையில் வருவோரே மிகுதியாயிருந்த அந்நாளில் உயிர் தங்குமா என்பதே பிரதானமான கேள்வி. சந்ததியைப் பற்றி நினைக்க யாருக்கும் அவகாசமில்லை. 1980-களில் அடையாறு நிலையமும், மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையும், தில்லி அகில இந்திய மருத்துவக் கழகமும் எம்.சி.பி. 841 என்ற சிகிச்சை முறையைக் கையாண்டு குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயை எதிர்த்ததன் பயனாக, முன்பு இறந்திருக்கக்கூடிய பல குழந்தைகள் பிழைத்து வளர்ந்து யௌவனப் பருவம் எய்தினார்கள். தாய்மையைப் பற்றிய கேள்வி, ஆகவே, மருத்துவத்தின் தோல்வியிலிருந்து பிறந்ததன்று. அதன் வெற்றியிலிருந்து பிறந்தது.

இதன் அவசியம் நம் நாட்டில் ஒரு படி கூடுதலாகவே இருக்கிறது. உலகப் புற்றுநோய்க் கணிப்பின்படி 2022-ல் இந்தியாவில் புதிதாக மார்பகப் புற்றுநோய் கண்ட பெண்கள் ஏறத்தாழ 1 லட்சத்து 92 ஆயிரம் பேர். மேலை நாடுகளில் அந்நோய் மிகுந்து காணும் வயதுக்குச் சுமார் பத்தாண்டு முன்பாகவே நம் பெண்களை அது தாக்குகிறது. எனவே முதற்குழந்தைக்கு முன்போ, இரண்டாம் குழந்தைக்குக் காத்திருக்கும்போதோ நோய்ப்படுபவர்கள் இங்கே சிறுபான்மையினர் என்று ஒதுக்கத்தக்கவர் அல்லர்.

கருவளத்தைக் காக்கும் கலையின் வரலாற்றிலும் இந்தியாவுக்கு உரிய இடம் உண்டு. 1978 அக்டோபர் 3-ஆம் நாள் கல்கத்தாவில், டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய், உறையவைத்துக் காத்த கருவைத் தாயின் கருப்பையில் செலுத்தி ஒரு பெண் குழந்தையைப் பிறப்பித்தார். உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை இங்கிலாந்தில் பிறந்து மூன்று மாதங்கூட அப்போது ஆகியிருக்கவில்லை. அரசு நியமித்த குழு அவரை நம்பவில்லை. அவமானம் தாளாமல் 1981-ல் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். பல ஆண்டுகளுக்குப் பின்னரே அவர் குறிப்பேடுகளைப் படித்த அறிஞர்கள் அவர் சாதனையை ஒப்புக்கொண்டார்கள். சென்னையில் டாக்டர் கமலா செல்வராஜின் முயற்சியால் 1990-ல் தென்னிந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது. புற்றுநோய் மருத்துவமும் குழந்தைப்பேற்று மருத்துவமும் ஆகிய இவ்விரு ஓடைகளும் நெடுங்காலம் தனித்தனியே ஓடின. அவற்றை இணைத்து 2006-ல் 'ஆங்கோஃபெர்டிலிட்டி' என்று ஒரு துறைக்கே பெயரிட்டவர் அமெரிக்க விஞ்ஞானி தெரசா உட்ரஃப்.

சினைப்பையின் கையிருப்பு

ஆணின் உடல் வாழ்நாள் முழுதும் புதிய விந்தணுக்களை உண்டாக்கிக்கொண்டேயிருக்க, பெண்ணோ தன் முட்டைகள் அனைத்தையும் தாயின் வயிற்றிலேயே பெற்றுவிடுகிறாள். ஐந்து மாதக் கருவாயிருக்கையில் அறுபது, எழுபது லட்சமாயிருக்கும் அவை, பிறக்கும்போது பத்து முதல் இருபது லட்சமாகவும், பூப்பெய்தும்போது மூன்று, நான்கு லட்சமாகவும் குறைந்து, மாதவிலக்கு நிற்கும் வயதில் ஏறக்குறைய ஆயிரமாகத் தேய்ந்துவிடுகின்றன. இவற்றுள் முதிர்ந்து வெளிவருபவை ஆயுள் முழுவதிலும் சுமார் நானூறுதான். செலவழிந்ததை ஈடுசெய்ய வழியில்லாத இந்தக் கையிருப்பின்மீதுதான் புற்றுநோய்ச் சிகிச்சை கைவைக்கிறது.

எல்லா மருந்துகளும் ஒரே அளவில் தீங்கு செய்வதில்லை. சைக்ளோபாஸ்பமைடு போன்ற ஆல்கைலேற்றும் மருந்துகள் மிகக் கொடியவை. ஹாட்ஜ்கின் நோய்க்குத் தரப்படும் ஏ.பி.வி.டி. என்ற நான்கு மருந்துக் கூட்டு ஒப்புநோக்கில் சாதுவானது. 'கரண்ட் வைப்பது' என்று நம் மக்கள் வழங்கும் கதிர்வீச்சு, இடுப்பெலும்புப் பகுதியில் படும்போது, 2 கிரேக்கும் குறைவான அளவிலேயே முட்டைகளில் பாதியை அழித்துவிடவல்லது. கருப்பை வாய்ப் புற்றுக்குத் தரும் அளவோ அதைப் போலப் பல மடங்கு. நோயாளியின் வயதும் முக்கியமானது: இருபது வயதுப் பெண் தாங்கிக்கொள்ளும் மருந்து முப்பத்தெட்டு வயதுப் பெண்ணின் மாதவிலக்கை நிரந்தரமாக நிறுத்திவிடலாம். மருந்து, அளவு, வயது, தொடக்கத்தில் இருந்த கையிருப்பு என்ற நான்கையும் சேர்த்தே அபாயத்தை எடைபோட வேண்டும்.

சோதனை சொல்வதும் சொல்லாததும்

'ஹார்மோன் டெஸ்ட்' என்ற ஒரே பெயரால் இரண்டு வேறுபட்ட சோதனைகள் வழங்கப்படுவதால் குடும்பத்தார் பெரிதும் குழம்புகிறார்கள். மார்பகத்திலிருந்து எடுத்த சதைத்துண்டில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரோன் ஏற்பிகள் உள்ளனவா என்று பார்ப்பது ஒன்று. அது கட்டியின் சுபாவத்தைச் சொல்வது, சிகிச்சை முறையைத் தீர்மானிப்பது. கையிலிருந்து எடுத்த இரத்தத்தில் ஏ.எம்.எச்., எப்.எஸ்.எச்., எஸ்ட்ராடையால் ஆகிய ஹார்மோன்களை அளப்பது மற்றொன்று. அது சினைப்பையின் நிலையைச் சொல்வது. முன்னதில் 'பாசிட்டிவ்' என்று கண்டால் தாய்மைக்கு ஏதோ தடை என்று அஞ்சுவதும், பின்னதில் எண் குறைவு என்று கண்டால் நோய் முற்றிவிட்டது என்று கலங்குவதும் ஒருசேரப் பிழையானவை.

இரத்தச் சோதனைகளுள் ஏ.எம்.எச். இன்று முதன்மை பெற்றிருக்கிறது. வளரத் தொடங்கிய சிறு சினைக்கூடுகளைச் சூழ்ந்த செல்கள் அதைச் சுரக்கின்றன; ஆதலால் அதன் அளவு, மிஞ்சியிருக்கும் முட்டைகளின் தொகையை ஓரளவு பிரதிபலிக்கிறது. எப்.எஸ்.எச்.-ஐ மாதவிலக்கின் இரண்டாம், மூன்றாம் நாளில் அளக்க வேண்டியிருக்க, ஏ.எம்.எச்.-ஐ எந்த நாளிலும் அளக்கலாம் என்பது, அடுத்த வாரமே சிகிச்சை தொடங்கவிருக்கும் பெண்ணுக்குப் பெரிய அனுகூலம். இதனுடன் ஸ்கேன் மூலம் இரு சினைப்பைகளிலுமுள்ள சிறு சினைக்கூடுகளை எண்ணிப்பார்ப்பதும் சேர்ந்தால், முட்டைகளை முதிரச்செய்யும் ஊசி போட்டால் எத்தனை முட்டை கிடைக்கக்கூடும் என்பதை மருத்துவர் ஓரளவு நிச்சயத்தோடு கூறமுடியும்.

ஆயினும் இந்த எண்ணைத் தீர்ப்பாகக் கொள்வது ஆபத்து. குதிரில் எவ்வளவு விதைநெல் இருக்கிறது என்பதை அளக்கலாம். அது முளைக்குமா என்பது வேறு விஷயம். முட்டையின் தரத்தை நிர்ணயிப்பது பெரும்பாலும் வயதே. கருத்தரிப்பில் குறையறியாத முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களை அமெரிக்காவில் ஆராய்ந்து 2017-ல் வெளியிட்ட முடிவின்படி, ஏ.எம்.எச். குறைந்தவர்களும் மற்றவர்களைப் போலவே இயல்பாகக் கருத்தரித்தார்கள். கருத்தடை மாத்திரை உண்பவர்களுக்கு எண் தாழ்ந்து காட்டும். சினைப்பையில் நீர்க்கட்டிகள் உள்ளவர்களுக்கு உயர்ந்து காட்டும். குழந்தைப்பேற்றுச் சிகிச்சைக்கு வந்த இந்திய, ஸ்பானியப் பெண்களை ஒப்பிட்டு 2014-ல் வெளிவந்த ஆய்வொன்று, நம் பெண்களின் சினைப்பை ஏறக்குறைய ஆறு ஆண்டு முன்னதாகவே மூப்படைவதாகக் கண்டது. அயல்நாட்டு அட்டவணையோடு ஒப்பிட்டு நம் பெண்ணைப் பயமுறுத்துவதும் ஆகாது, அவளுக்குக் காலம் நிறைய இருப்பதாக அலட்சியம் செய்வதும் ஆகாது என்பது இதனால் பெறப்படும்.

ஆய்வுக்கூடத்துச் சீட்டிலேயே ஓர் இடறல் உண்டு. சில கூடங்கள் ஏ.எம்.எச்.-ஐ நானோகிராம் கணக்கிலும், சில பிக்கோமோல் கணக்கிலும் தருகின்றன, முன்னதை 7.14-ஆல் பெருக்கினால் பின்னது வரும். கள்ளக்குறிச்சியில் எடுத்த சீட்டில் 1.4 என்றும், சென்னையில் எடுத்த சீட்டில் 10 என்றும் இருந்தால் இரண்டும் ஒன்றே. எண்ணுக்கு அருகில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் அலகைப் படிக்காமல், எண் ஏறிவிட்டது என்று மகிழ்வதற்கும், இறங்கிவிட்டது என்று அழுவதற்கும் இடமிருக்கிறது.

காக்கும் வழிகள்

காக்கும் முறைகளுள் நன்கு நிலைபெற்றவை கருவை உறையவைப்பதும் முட்டையை உறையவைப்பதும் ஆகும். உறையவைத்த முட்டையிலிருந்து முதற்கர்ப்பத்தை 1986-ல் ஆஸ்திரேலியாவில் டாக்டர் கிறிஸ்டோபர் சென் அறிவித்தார். ஆயினும் நொடிப்பொழுதில் கண்ணாடி போல் உறையச் செய்யும் முறை வந்த பின்னரே அது நம்பத்தக்கதாயிற்று. 2012-ல் அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கம் அதைப் பரிசோதனை நிலையிலுள்ளது என்று கூறுவதைக் கைவிட்டது. முன்பு மாதவிலக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று எந்த நாளிலும் ஊசியைத் தொடங்கலாம். பத்துப் பன்னிரண்டு நாள் வயிற்றுத்தோலில் நாள்தோறும் ஊசி, இடையில் சில ஸ்கேன்கள், பின்பு சிறு மயக்கத்தில் முட்டை எடுத்தல் என்று இரண்டு வாரத்தில் காரியம் முடிகிறது. எடுத்த முட்டைகள் மைனஸ் 196 பாகைத் திரவ நைட்ரஜனில் உறங்கும். ஊசியால் ஈஸ்ட்ரோஜன் பெருகிக் கட்டி வளருமோ என்ற மார்பகப் புற்றாளரின் நியாயமான பயத்துக்கு, லெட்ரோசோல் மாத்திரையைச் சேர்த்துக் கொடுத்து அந்த ஹார்மோனைத் தாழ்த்தி வைக்கும் முறை பரிகாரமாக அமைந்தது.

இரண்டு வாரமும் பொறுக்க இயலாதவர்க்கும், பூப்பெய்தாச் சிறுமியர்க்கும் உள்ள வழி, சினைப்பைத் திசுவையே லாப்ராஸ்கோப் வழியே எடுத்து உறையவைத்துப் பின்னர் திரும்பப் பொருத்துவது. 1997-ல் ஹாட்ஜ்கின் நோய்ச் சிகிச்சைக்கு முன் உறையவைத்த திசுவைத் திரும்பப் பெற்ற பெண்ணொருத்தி 2004-ல் பெல்ஜியத்தில் குழந்தை பெற்றாள்; டாக்டர் ஜாக் டோனேயின் அந்தச் சாதனைக்குப் பின் இம்முறையால் உலகெங்கும் 200-க்கும் மேற்பட்ட குழந்தைகள் பிறந்துள்ளன. இரத்தப் புற்றாளர் விஷயத்தில் மட்டும், திசுவோடு நோய்ச் செல்லும் திரும்பிவிடலாம் என்ற அபாயம் இருப்பதால், மிகுந்த எச்சரிக்கை வேண்டும்.

கீமோ நடக்கும் காலத்தில் சினைப்பையை உறங்கவைக்கும் மாதாந்தர ஊசி மூன்றாவது வழி. ஹார்மோன் ஏற்பி இல்லாத மார்பகப் புற்றுநோய்ப் பெண்களிடம் கோசெரலின் ஊசியைச் சோதித்து 2015-ல் வெளிவந்த ஆய்வில், சினைப்பைச் செயலிழப்பு 22 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைந்தது. முட்டை உறையவைப்பதற்கு இது பதிலாகாது. ஆனால் வேறெதற்கும் வசதியில்லாத இடத்தில், சாதாரண ஊசியாகவே போடத்தக்க இதனை மறந்துவிடுவதும் தகாது. கதிர்வீச்சுக்கு முன் சினைப்பையை இடம் மாற்றித் தைப்பதும், தொடக்க நிலைக் கருப்பைவாய்ப் புற்றில் பிரெஞ்சு மருத்துவர் டானியல் டார்ழான் வகுத்தபடி கருப்பையை விட்டு வாயை மட்டும் அகற்றுவதும் தக்க நோயாளிக்குத் தக்க வழிகளாம்.

திருநாவலூரிலிருந்து பார்த்தால்

இவ்வளவும் நூலில் உள்ளவை. திருநாவலூரில் ஒரு பெண்ணுக்கு மார்பில் கட்டி தென்பட்டால் அவள் போகும் வழி வேறு. கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரிக்கோ முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்கோ முதலில் போய், அங்கிருந்து புதுவை ஜிப்மரின் மண்டலப் புற்றுநோய் மையத்துக்கோ, அடையாற்றுக்கோ, காஞ்சிபுரத்துக் காரப்பேட்டை அண்ணா நினைவுப் புற்றுநோய் நிலையத்துக்கோ, வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கோ அனுப்பப்படுகிறாள். ஓ.பி. சீட்டு, ஸ்கேன், பயாப்சி, முடிவுக்குக் காத்திருப்பு என்று வாரங்கள் ஓடுகின்றன. முட்டை எடுக்கத் தேவையான இரண்டு வாரம் இந்தக் காத்திருப்புக்குள்ளேயே அடங்கிவிடும். அதைப் பயன்படுத்திக்கொள்ள யாரும் நினைவூட்டாததுதான் குறை. கீமோ நாள் குறித்த பின் கேட்டால், அதே இரண்டு வாரம் உயிருக்கு உலை வைக்கும் தாமதமாகத் தோன்றுகிறது. கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலையிலிருந்து இறங்கிவரும் பெண்ணுக்கோ நாள்தோறும் ஊசியும் இடையிடையே ஸ்கேனும் என்றால் நகரத்தில் தங்க இடமும் துணைக்கு ஆளும் வேண்டும். கூலி இழக்கும் கணவனையும் விட்டுவந்த குழந்தைகளையும் கணக்கில் கொள்ளாத மருத்துவ யோசனை அவளுக்கு உதவாது.

மணமாகாத பெண்ணின் சங்கடம் தனியானது. ஸ்கேனும் முட்டை எடுப்பதும் வழக்கமாகப் பிறப்புறுப்பின் வழியே செய்யப்படுவதால், "நாளைக்கு ஒரு வரன் வந்தால் என்ன சொல்வது?" என்று தாய் தயங்குகிறாள். இந்தத் தயக்கத்தை அறியாமை என்று இகழாமல், வயிற்றின் மேலாகவே ஸ்கேன் எடுக்கலாம், தேவையானால் லாப்ராஸ்கோப் முறையும் உண்டு என்று விளக்கிச் சொல்பவரே நல்ல மருத்துவர். மணமானவளுக்கு வேறொரு யோசனை வேண்டும்: கரு கணவன் மனைவி இருவருக்கும் பொதுவானது, முட்டை அவளுக்கே உரியது. நோயுற்ற மனைவியை விட்டு விலகிய கணவர்களும் உலகில் உண்டாதலால், சில முட்டைகளையாவது தனியே காத்துவைப்பது விவேகம்.

சட்டமும் செலவும்

2021-ஆம் ஆண்டின் இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம், கட்டுப்பாடற்றுப் பெருகிய கருத்தரிப்பு மையங்களைப் பதிவுக்குள் கொண்டுவந்தது பெரிய நன்மை. ஆனால் அது முக்கியமாகக் குழந்தையில்லாத் தம்பதிகளை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. இச்சேவைகளைப் பெறும் பெண் 21 வயதுக்கு மேற்பட்டவளாயிருக்க வேண்டும் என்கிறது. இரத்தப் புற்றும் எலும்புப் புற்றும் ஹாட்ஜ்கின் நோயுமோ பதினைந்து, பதினெட்டு வயதிலேயே வருகின்றன. கருவைச் சேமிக்கும் காலம் பத்தாண்டு என்கிறது. இருபத்திரண்டு வயதில் சேமித்து, சிகிச்சை முடித்து, நோய் திரும்பாதென்று உறுதிபெற்று நிற்பவளுக்கு அந்தப் பத்தாண்டு மிகுதியன்று. புற்றுநோயாளிகளுக்கென்று தெளிவான தனி விதி வகுப்பது அவசியம்.

பணமோ மற்றொரு மலை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் கீமோவையும் அறுவையையும் ஏழையின் கைக்கு எட்டச் செய்தது நம் மாநிலத்தின் பெருமை. முட்டை உறையவைப்பதோ தனியார் மையங்களில் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டும். ஆண்டுதோறும் காப்புக்கட்டணம் வேறு. சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் கருத்தரிப்பு மையம் திறந்திருப்பது நம்பிக்கை தருகிறது; அது குழந்தையில்லாதவர்க்கு மட்டுமன்றி, குழந்தைப்பேற்றை இழக்கவிருப்பவர்க்கும் கதவு திறக்க வேண்டும்.

சிகிச்சைக்குப் பின்

கீமோ முடிந்ததும் ஏ.எம்.எச். பெரும்பாலும் அளக்கவியலாதபடி வீழ்ந்துவிடுகிறது; இளம் பெண்களிடம் மாதங்கள் செல்லச் செல்ல ஓரளவு மீளலாம். ஆகவே முடிந்த மறுமாதமே சோதித்து முடிவுகட்டுவது தகாது. மாதவிலக்கு திரும்பியது கையிருப்பு முழுதும் திரும்பியதற்கு அடையாளமன்று; திரும்பாததும் கருத்தரிக்கவே இயலாது என்பதற்கு உறுதியன்று. சிகிச்சைக் காலத்தில் கருத்தடை அவசியம் என்பதைப் பெண்ணுக்குச் சொல்லியே ஆகவேண்டும். மார்பகப் புற்றுக்கான தமாக்சிபென் மாத்திரையை உண்ணும்போது கருவுற்றால் சிசுவுக்குக் கேடு. சினைப்பை முற்றும் செயலிழந்ததென்று எப்.எஸ்.எச். உயர்ந்து காட்டினால், அது குழந்தைப்பேற்றோடு முடியும் செய்தியன்று: எலும்பும் இருதயமும் ஈஸ்ட்ரோஜனை நம்பியிருப்பவை. கட்டி ஹார்மோனைச் சார்ந்ததல்லவாயின், இயல்பாக மாதவிலக்கு நிற்கும் வயதுவரை மாற்று ஹார்மோன் தருவது குறித்து யோசிக்க வேண்டும். குழந்தை வேண்டாதவளும் இச்சோதனையைச் செய்துகொள்ளக் காரணம் இதுவே.

மார்பகப் புற்றுநோய்க்குப் பின் கர்ப்பமுற்றால் நோய் திரும்பும் என்ற பழைய பயத்தையும் ஆராய்ச்சி தளர்த்தியிருக்கிறது. ஐந்தாண்டு, பத்தாண்டு நீளும் ஹார்மோன் தடுப்பு மாத்திரையை ஒன்றரை முதல் இரண்டரை ஆண்டு உண்ட பின் இடைநிறுத்தித் தாய்மைக்கு முயன்ற ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்களை ஆராய்ந்து 2023-ல் வெளிவந்த 'பாசிட்டிவ்' ஆய்வில், மூன்றாண்டு அளவில் 8.9 சதவீதத்தினருக்கே நோய் திரும்பியது. நிறுத்தாதவர்களாக ஒப்பிட்ட குழுவில் அது 9.2 சதவீதம். நெடுங்கால முடிவுகள் இன்னும் வரவேண்டும். எனினும் "இனிக் குழந்தையை மறந்துவிடு" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதற்கு இன்று நியாயம் இல்லை.

செய்யத்தக்கவை

இவற்றையெல்லாம் தொகுத்துப் பார்க்கும்போது மூன்று காரியங்கள் உடனே செய்யத்தக்கனவாகத் தோன்றுகின்றன. நாற்பது வயதுக்குட்பட்ட ஒவ்வொரு பெண்ணின் நோய்க்குறிப்புத் தாளிலும், 'கருவளம் குறித்துப் பேசப்பட்டதா?' என்ற ஒரு வரி அச்சிடப்பட்டு, முதல் கீமோவுக்கு முன் மருத்துவர் அதில் கையொப்பமிட வேண்டும். கள்ளக்குறிச்சி போன்ற மாவட்டத் தலைமையிடத்திலேயே ஏ.எம்.எச். இரத்தம் எடுத்து, பயாப்சி முடிவோடு அதுவும் பெரிய நிலையத்துக்குச் சேருமாறு செய்தால், காத்திருக்கும் வாரங்கள் வீணாகா. மூன்றாவதாக, முட்டை காப்பதும் சினைப்பையை உறங்கவைக்கும் ஊசியும் புற்றுநோய்ச் சிகிச்சையின் அங்கமாகவே காப்பீட்டில் சேர வேண்டும். மருந்தால் விளையும் தீங்கைத் தடுப்பது ஆடம்பரமாகாது.

கேட்ட பின் ஒரு பெண் "வேண்டாம்" என்று சொன்னால் அதுவும் முழுமையான விடையே. தத்தெடுத்து வளர்ப்பவளும், குழந்தையின்றி நிறைவாக வாழ்பவளும் எந்த வகையிலும் குறைந்தவர்கள் அல்லர். சிகிச்சையைத் தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து என்ற நிலையில் மருத்துவரும் உயிரையே முதலில் பேண வேண்டும். ஆனால் வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்லும் வாய்ப்பையே பெறாமல், பிழைத்தெழுந்து பல ஆண்டுகள் கழித்து, அப்படி ஒரு வழி இருந்ததாமே என்று பிறர் வாயால் கேட்டறியும் துயரம் எந்தப் பெண்ணுக்கும் நேரலாகாது. அதைத் தடுக்கப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. உரிய நேரத்தில் ஒரு கேள்வியும், அதைக் கேட்பதற்குக் கால்மணி நேர அவகாசமும் போதும்.